நாலு கண்டுக் கதை

மோனை,

நீ அனுப்பின குரல் பதிவை ரெண்டு தரம் கேட்டன். முதல் தரம் கேக்கேக்க ஆச்சி பக்கத்தில இருந்து பயித்தங்காய் நறுக்கிக்கொண்டு இருந்தவ. "சட்டம் வந்திட்டுதாம் அப்பு, என்ர செடி இருக்கே?" எண்டு நீ கத்தினதும் போனைச் சாரத்துக்குள்ள வச்சு அமத்திப்போட்டன். "ஆர் அது, என்ன செடி?" எண்டு கேட்டா. "பெடியன் செவ்வந்தியைப் பற்றிக் கேக்கிறான்" எண்டன். கட்டின நாளில இருந்து ஆச்சிக்கு நான் சொன்ன முதல் பொய் அது. முதல் பொய் எண்டு எழுதினதோட இது ரெண்டாவது.

அதாலதான் கொப்பித் தாளில எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படம் எடுப்பிச்சு அனுப்புறன். வாசிச்சிட்டு அழிச்சுப்போடு. கொம்மா கண்டால் ஏச்சு எனக்குத்தான்.

முதல்ல சட்டத்தை முடிப்பம். மீரிகமப் பக்கம் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் கஞ்சா நட அனுமதி எண்டு பேப்பரில வந்ததை நானும் வாசிச்சனான். அது ஏற்றுமதிக்கு, ராசா. கப்பல் ஏறுற இலைக்குத்தான் அந்த மரியாதை. முத்தையன்கட்டு வலதுகரையில தகரக் கொட்டிலுக்குப் பின்னால நிக்கிற இலைக்கு இண்டைக்கும் 1929 ஆம் ஆண்டுச் சட்டம்தான், வெள்ளைக்காரன் எழுதி வச்சது. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் எண்டு பேரைச் சொல்லி முடிக்கவே ஒரு மிடறு தண்ணி வேணும். உங்கட கனடாவில 2018 ஒக்ரோபர் 17 இல இருந்து வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம். இஞ்ச நாலுமில்லை, நாலில ஒண்டுமில்லை. நட்டால் குற்றம், வச்சிருந்தால் குற்றம். எங்கட பரிகாரியார் மருந்துக்கெண்டு கொஞ்சம் பெட்டகத்துக்குள்ள பூட்டி வச்சிருந்த காலத்திலேயே, ஆரும் படலையில கூப்பிட்டால் முதல்ல திறப்பைத்தான் இடுப்பில தடவிப் பாப்பார்.

இந்தச் செடிக்காகக் கொழும்பில வாதாடின ஆள் இல்லாமலும் இல்லை. டயானா கமகே எண்டு ஒரு இராஜாங்க அமைச்சர், இதை நட்டு ஏற்றுமதி செய்தால் நாட்டின்ர கடன் தீரும் எண்டு மேடை மேடையாச் சொல்லித் திரிஞ்சவ. 2022 கார்த்திகையில வந்த வரவு செலவுத் திட்டத்திலயும் ரணில் இதைப் பற்றி ஆராய ஒரு நிபுணர் குழு எண்டார். பேந்து என்ன நடந்தது? 2024 வைகாசியில உயர் நீதிமன்றம் அந்த அம்மாவுக்கு இலங்கைக் குடியுரிமையே இல்லை, பாராளுமன்றத்தில இருக்கேலாது எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. செடியை நடச் சொன்னவவை வேரோட பிடுங்கிப் போட்டினம். இடம் பாத்து நடாட்டி அமைச்சருக்கும் வேர் பிடியாது.

இனி உன்ர கதை. நீ கேட்டது ஒரு வரிக் கேள்விதான். ஆனா ஒரு வரியில பதில் சொன்னால் நீ நம்பமாட்டாய். முதல்ல இருந்து வாறன்.

தைப்பொங்கல் முடிஞ்ச கையோட வந்து இறங்கினனி. நெஞ்சில ஒரு பச்சை இலை போட்ட ரீசேட். ஆச்சி கிட்ட வந்து, கண்ணாடியைத் தூக்கிப் பாத்து, "உது என்ன மோனை, மரவள்ளி இலையே?" எண்டு கேட்டா. நீ "ஓம் ஆச்சி" எண்டனி. கனடாக் குளிரிலயும் மரவள்ளி வருது எண்டு அவ ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோசப்பட்டா. அண்டைக்கே எனக்கு ஒண்டு விளங்கினது. நீ அந்த இலையைச் சட்டையிலதான் கண்டிருக்கிறாய், மண்ணில காணேல்லை. ஸ்காபரோவில உன்ர சிநேகிதப் பெடியள்தான் வளக்கிறவை, நீ கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து அதைப் பற்றி வாசிக்கிறவன். வாசிச்சு நீந்தப் பழகின ஆக்களை இரணைமடுவில கண்டனான். கரையில நிண்டு பாத்தால் நல்லாத்தான் நீந்துவினம்.

மூண்டாம் நாள் காலமை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால போனவன் அப்படியே நிண்டுபோனாய். எருக்குவியல் ஓரமா நாலு கண்டு. அஞ்சு விரல் விரிச்ச இலை. கிள்ளி மணந்து பாத்தாய். ஒரு நாத்தம் அடிச்சிருக்கும், கையில பிசுபிசுப்பும் ஒட்டியிருக்கும். உன்ர முகத்தில வந்த வெளிச்சத்தை நான் கோயில் திருவிழாவிலயும் கண்டதில்லை. "அப்பு, இது அதுதானே?" எண்டு குசுகுசுத்தனி. "நான் ஒண்டும் காணேல்லை" எண்டு சொன்னனான். உண்மையாவே காணேல்லை. கண்ணாடி குசினியில கிடந்தது. நீ அதைக் கிழவன்ர கள்ளச் சம்மதம் எண்டு எடுத்துக்கொண்டாய்.

"சரியா நாலு கண்டு அப்பு, கனடாக் கணக்கு!" எண்டு வேற குதிச்சனி.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கதையை உனக்கு நான் சொன்னது அண்டு பின்னேரம்தான். ஆரோ ஒரு கமக்காரன் குரக்கன் வெட்டி முடிய வயலில நிண்ட ஒட்டைச் சுட்டானாம். எல்லாம் எரிய, ஒரு இடம் மட்டும் வேகேல்லை. கிண்டிப் பாத்தால் சிவலிங்கம். ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆச்சுது. தானாத் தோன்றினவர் தான்தோன்றி. எங்கட ஊரில தாளைச் சுட்ட இடத்தில சிவன் வந்தவர் மோனை, நீ சுட நினைக்கிற இலைக்கு வாறவர் ஆர் எண்டு யோசிச்சுப் பார் எண்டன். நீ சிரிச்சுப்போட்டு, "இந்த நாலு கண்டும் தான்தோன்றிதானே அப்பு" எண்டனி. அந்த மறுமொழிக்காகத்தான் நான் உன்னை மேற்கொண்டு விட்டனான். புத்தியுள்ள பெடியன், வேலை வாங்கலாம் எண்டு கண்டன்.

நாலையும் யோகட் கோப்பையில மாத்தி அறைக்குள்ள கொண்டு போனாய். ராத்திரி முழுக்க எல்.ஈ.டி. லைட். பதினெட்டு மணித்தியாலம் வெளிச்சம் வேணுமாம். அந்த மாசம் கரண்ட் பில் வந்தபோது ஆச்சி மீற்றர் வாசிக்கிற பெடியனைத்தான் ஏசினவ. கண்டுகள் என்ன செய்தது? நூல் மாதிரி நெடுத்துது. தண்டில சத்தில்லை, கழுத்து வளைஞ்சு ஒரு பக்கம் சாஞ்சு நிண்டுது. நீ அதை வளர்ச்சி எண்டாய். படம் பிடிச்சுச் சிநேகிதருக்கும் அனுப்பினனி.

எங்கட ஆக்கள் மிளகாய்க்கு நாத்துமேடை போடுறதை நீ காணேல்லை. மேடையில வைக்கலும் உமியும் பரப்பி முதல்ல கொளுத்துவம். மண்ணில கிடக்கிற அழுகல் வியாதியும் புழுவும் அதோட போகும். பேந்துதான் விதை. முளைச்சு வரேக்க கிடுகால நிழல் குடுப்பம். ஆனா பிடுங்குறதுக்கு ஒரு கிழமை இருக்கேக்க நிழலைக் கொஞ்சம் கொஞ்சமா விலத்தி, தண்ணியையும் குறைச்சுப்போடுவம். கண்டு கொஞ்சம் வாடும், முறைச்சுப் பாக்கும், தண்டு கறுத்து இறுகும். அந்த இறுக்கம் வந்த கண்டுதான் வெளியில நிக்கும். பிடுங்குற அண்டைக்கு மேடைக்கு நல்லாத் தண்ணி விட்டு, வேரோட மண்ணும் சேர்ந்து வாற மாதிரி எடுக்கிறது. வெய்யில் சாஞ்ச பிறகு நடுறது. நட்ட கையோட பக்கத்தில ஒரு பூவரசங்குழையைக் குத்தி, இல்லாட்டி வாழைமடலை வளைச்சுக் குல்லா மாதிரிக் கவுத்து விடுறது. மூண்டு நாலு நாளில குழை தானாக் காயும், அதுக்குள்ள கண்டு தலை தூக்கும். மிளகாயோ கத்தரியோ புகையிலையோ, நீ நினைச்ச சாமானோ, வேருக்குத் தன்ர பேர் தெரியாது. வெக்கை மட்டும்தான் தெரியும்.

இதெல்லாத்தையும் நான் சொல்ல வாய் திறக்கேக்க நீ போனில வீடியோ பாத்துக்கொண்டு இருந்தனி. மத்தியானம் பன்ரெண்டரை. தலையில தொப்பி, கையில தோட்டத்துக் கரண்டி. முதல் கண்டை அறைக்குள்ள இருந்து நேரா நடு வெய்யிலுக்குக் கொண்டு வந்து நட்டனி. குளிர் அறையில பிறந்து வளந்த பிள்ளையை மாசி மாச வெய்யிலில நடு ரோட்டில விட்ட மாதிரி. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க அது படுத்திட்டுது. நீயும் படுத்திட்டாய், தலையிடி எண்டு. ஆச்சி உனக்கு மல்லித் தண்ணி தந்தவ. கண்டுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை.

ஒண்டு போச்சுது.

அப்பதான் நீ என்னட்டை வந்து, "அப்பு, நீங்களே சொல்லுங்கோ, ஆனா முழுக்க இயற்கையாத்தான் செய்யோணும்" எண்டனி. இயற்கை எண்ட சொல்லை நீ சொல்லேக்க உன்ர வாயில தேன் வடிஞ்சுது. எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு முன்னால ஒருத்தர் அதே சொல்லைச் சொன்னவர். அவர் அப்ப ஜனாதிபதி. 2021 வைகாசியில ஒரு வர்த்தமானி அடிச்சு, இனி நாடு முழுக்கச் சேதனப் பசளைதான், யூரியா இறக்கக்கூடாது எண்டார் கோத்தாபய. நல்ல விசயம். எங்கட அப்பா காலத்தில ஆர் யூரியா கண்டது? ஆனா அப்பா காலத்தில வயலுக்குள்ள மாட்டுப்பட்டி அடைச்சவை, கிழமைக் கணக்கா. வன்னிக் காட்டில குழை வெட்டி வண்டி வண்டியா யாழ்ப்பாணத்துக்கு ஏத்தினவை, அங்க புகையிலைத் தோட்டத்தில தாக்கிறதுக்கு. யாழ்ப்பாணச் சுருட்டின்ர புகைக்குள்ள எங்கட காட்டுக் குழையும் இருந்தது மோனை, ஆருக்கு இப்ப தெரியும்? அந்த எருவும் அந்தக் குழையும் வர்த்தமானியில அச்சடிச்சு வாற சாமான் இல்லை. மாடு வேணும், மாட்டுக்குப் புல்லு வேணும், புல்லுக்குத் தரவை வேணும், எல்லாத்துக்கும் காலம் வேணும்.

அந்தக் காலபோகத்துக்குக் கமநல சேவை நிலையத்துக்குப் போனால் மூட்டை இருந்த இடத்தில போத்தல் இருந்தது. இந்தியாவில இருந்து வந்த நனோ நைதரசனாம். தெளிக்கிறதாம். வேப்பமரத்தடியில குந்தியிருந்த ஒரு கிழவன், "உது வயலுக்கோ, எனக்கோ?" எண்டு கேட்டார். சீனாவில இருந்து ஹிப்போ ஸ்பிரிட் எண்டு ஒரு கப்பல் சேதனப் பசளையோட வந்தது. அதுக்குள்ள கூடாத பக்ரீரியா இருக்கெண்டு இறக்க விடேல்லை. அது கடலில சுத்திச் சுத்தி நிண்டது. கடைசியில 6 மில்லியன் டொலருக்கு மேல எண்ணிக் குடுத்துத்தான் வழக்கை முடிச்சினம். எருவை இறக்காமலே எருவுக்குக் காசு கட்டின நாடு உலகத்தில வேற இருந்தால் எழுதி அனுப்பு. கார்த்திகையில தடையை எடுத்தினம். அதுக்குள்ள என்ர வயல் மஞ்சள் பூசிக் கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி நிண்டது.

அதாலதான் உனக்குச் சொன்னனான்: இயற்கை எண்டால் முதல்ல முதுகு நோகும், பேந்துதான் மற்றது.

இப்ப ஒரு உண்மையை ஒத்துக்கொள்ளுறன். மிச்சம் மூண்டு கண்டுக்கு அரைப் பரப்பு நிலத்தைக் கொத்தத் தேவையில்லை. எனக்குத் தெரியும். "மூண்டு கண்டு தனிய நிண்டால் ரோட்டால போறவன் காணுவான், சுத்தவர மிளகாய் நட்டால் மறைஞ்சு நிக்கும்" எண்டு நான் சொன்னதும் நீ என்னைப் பெரிய கடத்தல்காரன் மாதிரி மரியாதையாப் பாத்தாய். அடுத்த பத்து நாளும் நீ செய்த வேலையை இந்த வளவில ரெண்டு பேர் சேர்ந்தும் செய்ததில்லை. கொத்தினனி, கல்லுப் பொறுக்கினனி, கொட்டிலில இருந்து கூடை கூடையா எரு சுமந்தனி, வேலிக் கிளிசறியாவை வெட்டிக் குழை தாட்டனி, அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவினனி. ரெண்டடிக்கு ஒண்டரை அடி இடைவெளி விட்டுக் கயிறு பிடிச்சு நானூறு மிளகாய்க் கண்டு. உன்ர மூண்டும் நடுவில. நான் கதிரையைப் போட்டுக்கொண்டு நிழலில இருந்து வெத்திலை மெண்டனான். "ஆழமாக் கொத்து, ஆழமாக் கொத்து" எண்டு மட்டும் சொன்னனான்.

ஒரு தரம் நீ மண்வெட்டியை நிப்பாட்டிப்போட்டு, "ஏன் அப்பு, முதல் வெட்டு வெட்ட முதல் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" எண்டு கேட்டனி. பழக்கம் எண்டன். நாங்கள் திரும்பி வந்தபோது இந்தக் காணியில முதல் கிண்டினது மண்வெட்டி இல்லை மோனை. முகத்துக்குக் கவசம் போட்ட பெடியள் முழங்காலில நிண்டு, சாண் சாணாக் குத்திப் பாத்து, சிவப்புத் தடிக்கு வெள்ளைத் தடி மாத்திக்கொண்டு வந்தவை. அதுக்குப் பிறகுதான் எங்கட கத்தரிக்காய். அந்தக் கதை இதுக்குள்ள வேண்டாம்.

ரெண்டாவது கண்டைப் பாசத்தால கொண்டனி. மற்றதுகளுக்கு ஆறின எரு வச்சாய். அதுக்கு மட்டும் ஒரு விசேசம் எண்டு விடியக் காலமை சாணியைச் சூட்டோட அள்ளி அடியில பூசினனி. பச்சைச் சாணி மண்ணுக்குள்ள கிடந்து கொதிக்கும். வேர் அவிஞ்சு போகும். அதோட கறையானுக்கும் வண்டுப் புழுவுக்கும் விருந்துக் கடிதம் குடுத்த மாதிரி. எரு பதமோ எண்டு பாக்க ஒரு வழிதான் இருக்கு: குவியலின்ர நடுவுக்குள்ள கையை விடு. கை சுட்டால் பொறு. குளிர்ந்து, சாணி மணம் போய், புது மழைக்கு மண் மணக்கிற மாதிரி மணந்தால் எடு. நீ கையுறை போட்டுக்கொண்டு கையை விட்டனி. கையுறைக்கு எப்பிடி மோனை சுடும்?

மூண்டாவதின்ர கதை சின்னது. பின்னேரம் கயிறு அறுத்துக்கொண்டு வந்த சிவப்பிப் பசுவின்ர கண்டு, நானூறு மிளகாயையும் விலத்தி நடந்து போய், உன்ர கண்டை மட்டும் ஒரே வாயில கடிச்சிட்டுது. "கண்டைக் கண்டு திண்டிட்டுது" எண்டு நான் கத்த, நீ தமிழ் விளங்காமல் முழிச்சுக்கொண்டு நிண்டனி. பிறகு ராத்திரி முழுக்கக் கண்டுக்கு வெறிக்குமோ எண்டு ரோச் லைட்டோட கொட்டிலுக்குள்ள இருந்தனி. அது நல்லா நித்திரை கொண்டது. நீதான் கொள்ளேல்லை.

மிஞ்சினது ஒண்டு. அதை நீ வளத்த மாதிரி உன்ர கொப்பர் உன்னை வளத்திருந்தால் இண்டைக்கு நீ ஒரு டொக்டர். காலமையும் பின்னேரமும் கோப்பையால அளந்து தண்ணி. வேப்பம் புண்ணாக்கு ஊறப் போட்டு வடிச்ச தண்ணியை இலைக்கு அடியில தெளிச்சனி. பங்குனி 15 காலமை எட்டு மணிக்கு அரசாங்கம் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணச் சொன்ன அண்டு, கையில படிவத்தோட வளவு நடுவில நீதான் நிண்டனி. எட்டில இருந்து எட்டு அஞ்சு மட்டும். குரங்கு பூச்சியம், மயில் பூச்சியம் எண்டு எழுதி முடிச்சனி. எட்டு ஏழுக்கு வேலியால ஒன்பது மயில் இறங்கினது. சட்டத்துக்கு அடங்கின மயில்கள், கணக்கெடுப்பு முடியும் மட்டும் காத்திருந்ததுகள். நீ தடியோட துரத்தினாய். மிளகாயைத் திண்டால் பரவாயில்லையாம், நடுக் கண்டைத் தொடக்கூடாதாம்.

அந்தப் பொலிஸ் ஜீப்பையும் மறந்திருக்க மாட்டாய். படலைக்கு முன்னால வந்து நிக்க, கண்டுக்கு மேல கடகத்தைக் கவுத்து, அதுக்கு மேல நீ ஏறிக் குந்தினனி. அவையள் குளத்தடிக்குப் போற பாதை கேக்க வந்தவை. கேரளக் கஞ்சா கடலால வருதாம், முல்லைத்தீவுக் கரையில மூட்டை பிடிச்சதாம் எண்டு நான் பேப்பரில வாசிச்சதைச் சும்மா ஒரு கதைக்குக் கேட்டுவச்சன். உனக்கு வேர்த்துக் கொட்டினது. அதில ஒருத்தர் உன்னைப் பாத்து, "தம்பிக்கு என்ன, சுகமில்லையோ?" எண்டு கேட்டார். "கனடாவில இருந்து வந்தவர், வயித்துக்குள்ள கொஞ்சம் கரைச்சல்" எண்டன். அவர் மூலைப் பக்கம் கையைக் காட்டி, வெக்கப்படாமல் போகச் சொன்னார். நீ எழும்பேல்லை.

விவசாயப் போதனாசிரியர் வந்த அண்டும் அப்பிடித்தான். பாத்தியைச் சுத்தி வந்தவர் நடுவில நிண்டு குனிஞ்சார். கண்டைப் பாத்தார். என்னைப் பாத்தார். நான் கண்ணைச் சிமிட்டினன். முப்பது வருசம் கமக்காரரோட பழகின மனுசன், ஒரு சொல் கூட்டிச் சொல்லேல்லை. "அருமையாப் பராமரிச்சிருக்கிறியள் தம்பி, இப்பிடி ஒரு கண்டை நான் இந்தப் பக்கம் கண்டதில்லை" எண்டு உன்ர தோளில தட்டினார். படலையைத் தாண்டி மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு, மதில் இல்லாத வளவெண்டதால எனக்கு நல்லாக் கேட்டது.

நுனி காணாமல் போகுது, ஏதோ பூச்சி கடிக்குது எண்டு நீ கிழமைக்கு ரெண்டு தரம் வந்து அழுதாய் எல்லே? பூச்சிக்குப் பல்லில்லை, நகம்தான் இருக்கு. ஆச்சி. விடிய முதல் போய்க் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வருவா. கிள்ளக் கிள்ளப் பக்கத்தால கிளை வெடிச்சு, கண்டு சட்டி மாதிரிப் படர்ந்து வந்தது. உன்ர சிநேகிதப் பெடியள் வீடியோ போட்டுப் படிப்பிக்கிற அதே நுனி கிள்ளல்தான். ஆச்சிக்கு அதை ஆரும் படிப்பிக்கேல்லை. கொழுந்தைத் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து மத்தியானச் சோத்தோட வைப்பா. "என்ன ஆச்சி இது, கொஞ்சம் கைக்குது, ஆனா நல்லாயிருக்கு" எண்டு நீ ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனி. ஒரு தரமில்லை, ஆறேழு தரம். அதில ஒரு நாள் சாப்பிட்ட கையோட, ஏனோ இண்டைக்கு மனம் நல்லா லேசா இருக்கு அப்பு எண்டு திண்ணையில படுத்தனி. அது பத்து நாள் மண்வெட்டி பிடிச்ச உடம்பு மோனை.

நீ விமானம் ஏறிப் போய் நாலாம் நாள் அது பூத்துது. வெள்ளைப் பூ, பூனை மீசை மாதிரி நீள நீளமா நார். தைவேளை. சில ஊரில நல்வேளை எண்டுவினம். மழை விட்ட பிறகு எருக்குவியல் கண்ட இடமெல்லாம் தானா முளைக்கும். காதுக்குத்துக்கு இலையைக் கசக்கிச் சாறு விடுறது, வறை வறுக்கிறது, மிச்சத்தைக் களை எண்டு பிடுங்கி எறியிறது. அவ்வளவுதான் அதின்ர உத்தியோகம். உலகத்திலேயே தைவேளைக்கு வேப்பம் புண்ணாக்குத் தண்ணி தெளிச்ச ஒரே ஆள் நீதான். அதைக் காப்பாத்தப் பொலிசுக்கு முன்னால கடகத்தில குந்தினவனும் நீதான். ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேப்பாய். "நான் ஒண்டும் காணேல்லை" எண்டு முதல் நாளே சொன்னனான், நீதான் கேக்கேல்லை. அதோட, சொல்லியிருந்தால் நீ மூண்டாம் நாளே மண்வெட்டியைப் போட்டிட்டு எல்லப் பக்கம் ரெயிலில தொங்கப் போயிருப்பாய்.

மிளகாய் நல்லாக் காய்ச்சுது. ரெண்டு தரம் பழம் பிடுங்கிக் காய வச்சாச்சு. இலைச் சுருட்டை வியாதி கொஞ்சம் வந்தது, உன்ர புண்ணாக்குத் தண்ணியை அதுக்குத் தெளிச்சன், பாதி தப்பினது. கொம்மாவுக்கு இடிச்ச தூள் ரெண்டு கிலோ, கொழும்பால வாற ஆளிட்டைக் குடுத்து விடுறன். உன்ர வேர்வையில விளைஞ்சது எண்டு சொல்லு, எப்பிடி விளைஞ்சது எண்டு சொல்லாத.

உன்ர செடி இருக்கே எண்டு கேட்டாய். காஞ்சு சருகாப் போச்சு, ஆனா நெத்து வெடிச்சு விதை பாத்தி முழுக்கக் கொட்டியிருக்கு. ஐப்பசி மழைக்கு நாலில்லை, நாலாயிரம் வரும். ஆச்சி வேற, "பெடியன் விரும்பிச் சாப்பிட்டவன்" எண்டு கடைசிக் கொழுந்தெல்லாத்தையும் நிழலில உலத்தி, தூளாக்கி, ஒரு பொலித்தீன் பையில கட்டி வச்சிருக்கிறா, மிளகாய்த் தூளோட உனக்குப் பார்சலில அனுப்பச் சொல்லி. பச்சை நிறத் தூள், நாத்தம் வேற. அதை ஸ்காபரோ மட்டும் கொண்டு போற அந்தப் பாவி மனுசன், கட்டுநாயக்கா விமான நிலையத்தில பையைத் திறந்து காட்டி, "ஐயா, இது வறை" எண்டு எந்தப் பாசையில சொல்லுவான் எண்டுதான் ரெண்டு நாளா யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

அப்பு